ஒரு சுற்றுச் சோறு

நலமாக இருக்கும் ஒருவரின் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தையும் சேர்த்து அளந்தால், அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம்தான் தேறும். ஒரு தேக்கரண்டி அளவு. நம் மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று என்று சோறு போட்டுக்கொண்டால், வெந்த சோறாக 400 கிராம் சுலபமாக உள்ளே போய்விடும். அதில் மாவுச்சத்து மட்டும் 110 கிராம் இருக்கும். அது அத்தனையும் சில மணி நேரத்துக்குள் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்துக்கு வந்து சேர வேண்டியதுதான். 5 கிராம் இருக்கிற இடத்துக்கு 110 கிராம் வருகிறது.

ஆரோக்கியமான உடம்பு இதைச் சமாளித்துவிடுகிறது. சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலினை ஒரு வீச்சாக அனுப்புகிறது. அதுவரை தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை விட்டுக்கொண்டிருந்த ஈரல் உடனே நிறுத்திக்கொள்கிறது. தசைகள் வந்ததை வாங்கிக்கொள்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் கெடுவது அந்த ஆரம்ப வீச்சுதான். சோறு வயிற்றுக்குள் இறங்கிய பிறகும் ஈரல் தன் பங்குக்கு குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கிறது, தசைகளோ இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் 250, 280 என்று மீட்டர் காட்டுவதன் காரணம் இதுதான். அது இறங்கி முடிவதற்குள் சாயங்கால டிபன் வந்துவிடுகிறது.

சுகர் வந்த ஒருவர் வீட்டில் முதலில் நடப்பது என்ன? காபியில் சர்க்கரை நிற்கிறது. அல்வா, ஜாங்கிரி நிற்கிறது. பண்டிகை நாளில் பாயசம் வேண்டாம் என்று கையால் மறைத்துக்கொள்கிறார். இதெல்லாம் சரியே. ஆனால் ஒரு டம்ளர் காபியில் போடும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை 10 கிராம். மூன்று சுற்றுச் சோற்றின் மாவுச்சத்து 110 கிராம். கண்ணுக்கு இனிப்பாகத் தெரிவதை விரட்டிவிட்டு, இனிக்காமல் வரும் குளுக்கோஸைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். 2014-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களின் மொத்தக் கலோரியில் 64 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதைக் காட்டியது. அதே ஆய்வில் நீரிழிவு இல்லாதவர்களின் பங்கு அதைவிடக் குறைவு! நெய்யைக் குறை, முட்டையைக் குறை, கறியைக் குறை என்று சொல்லிச் சொல்லி, தட்டில் கடைசியில் மிச்சம் நிற்பது இட்லி, தோசை, சப்பாத்தி, சோறுதான் என்பதே இதற்குக் காரணமாக எனக்குப் படுகிறது.

ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான கொடுமை நடந்தது. 1921-இல் டொரொன்டோவில் ஃபிரடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன், நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. நியூயார்க்கில் ஃபிரடெரிக் ஆலன் என்ற மருத்துவர் நோயாளிகளை எலும்பும் தோலுமாக வைத்து உயிரைக் கொஞ்ச காலம் நீட்டினார். இன்சுலின் வந்த பிறகும் மாவுச்சத்து மீதான அச்சம் மேற்கத்திய மருத்துவத்தை விட்டுப் போகவில்லை. அந்த நாட்களில், 1948-இல், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார் பேராசிரியர் எம். விஸ்வநாதன். சோறு தின்று வளர்ந்தவர்களிடம் ரொட்டியும் வெண்ணெயும் பற்றிப் பேசிப் பயனில்லை என்று உணர்ந்து, மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் நிறைந்த உணவுமுறையை அவர் முன்வைத்தார். நோயாளி தன் சொந்தச் சமையலிலேயே பத்தியத்தைக் கண்டுகொள்ள வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த அறிவுரையின் சோற்றுப் பாதி எங்கள் தலைமுறைவரை பத்திரமாக வந்து சேர்ந்தது. நார்ச்சத்துப் பாதி அரிசி ஆலையில் தவிட்டோடு போய்விட்டது.

அரிசியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். உமி நீங்கிய அரிசிமணியின் மேல் தவிட்டுப் படலம் இருக்கிறது. நாரும் எண்ணெயும் வைட்டமின்களும் அங்கேதான். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் ஸ்டார்ச். அந்த ஸ்டார்ச்சிலும் இரண்டு விதம்: நேராக நீளும் அமைலோஸ், கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். கிளைகள் கூடக்கூட, நொதிகள் கடிக்க நுனிகளும் கூடும், சீக்கிரம் குளுக்கோஸாகும். ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியில் தடுப்பாக நின்ற தவிடும் இல்லை. புழுங்கல் அரிசி பொதுவாகப் பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் செரிப்பது, நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து ஆறியபோது ஸ்டார்ச்சின் ஒரு பகுதி மறுபடி இறுகிவிடுவதால். பழைய சோற்றிலும் அந்த இறுக்கம் கொஞ்சம் நடக்கிறது. அதற்காக ஒரு குண்டான் பழைய சோறு சுகரை ஏற்றாது என்று நம்பிவிடக் கூடாது. இறுகும் பங்கு சிறியது, மீதி சோறுதான்.

உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கு ஓர் எண் கொடுத்தவர் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ். 1981-இல் அவர் குழு வெளியிட்ட கிளைசிமிக் குறியீடு அது. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கிற அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தத்தைச் சோதித்து, அதே அளவு குளுக்கோஸோடு ஒப்பிடுவது முறை. குளுக்கோஸுக்கு 100 என்றால் தீட்டிய அரிசிச் சோறு பெரும்பாலும் 70-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். கொண்டைக்கடலை 30-ஐ ஒட்டி. சென்னையில் உடல் எடை கூடியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் தவிட்டோடு கூடிய அரிசியைச் சாப்பிட்ட நாட்களில் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. கூடவே பயறும் சேர்ந்தபோது 23 சதவீதம்.

இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. அது வேகத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. குறியீடு குறைவு என்று கேள்விப்பட்டு ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் போட்ட கணக்கு வீண். சிறுதானியங்களில் நம் ஊரில் இன்று நடப்பது இதுதான். வரகு, சாமை, குதிரைவாலி என்று பெயர் மாறியதும் அளவைப் பற்றிய பயம் போய்விடுகிறது. கேழ்வரகிலும் நூற்றுக்கு எழுபது கிராமை ஒட்டி மாவுச்சத்து உண்டு. நார் அதிகம், கால்சியம் அதிகம், அதனால் நல்ல தானியம், சந்தேகமில்லை. ஆனால் நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, மடக் மடக்கென்று குடிக்கும் கஞ்சியில் நொதிகளுக்கு வேலையே இல்லை. அதே கேழ்வரகைக் களியாகக் கிண்டி, அளவாக, கீரைக்குழம்போடு மென்று சாப்பிடும்போது விளைவு வேறு. கடையில் பளபளவென்று கிடைக்கும் சாமையும் வரகும் பல நேரம் தவிடு நீக்கித் தீட்டியவை என்பதையும் கவனியுங்கள். ஐ.சி.எம்.ஆர். நாடு முழுவதும் நடத்திய இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் வகைப் புரதம் வைக்கும் கணக்கில்தான் குறைந்தது. "சோறு வேண்டாம், ராத்திரி நாலு சப்பாத்தி சாப்பிடுங்க" என்று சொல்லிப் பழகிய எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இதே பதில்தான், இன்னும் சுருக்கமாக: பெரும்பகுதி சர்க்கரையே.

அப்படியானால் தட்டில் என்ன வைப்பது? என் பதில்: நம் சாப்பாட்டின் உறுப்பினர்கள் யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம். சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல், கீரை, சுண்டல், மீன், முட்டை எல்லாம் இருக்கட்டும். மூன்று சுற்று சோறு மட்டும் ஒரு சுற்றாகட்டும்.

ஒரு சமையலறைத் தராசை வாங்கி ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். வெறும் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, வழக்கமாகப் போடுகிற சோற்றைப் போட்டுப் பாருங்கள். 'கொஞ்சம்தான்' என்று நாம் சொல்லும் குவியல் பல வீடுகளில் 250 கிராமைத் தாண்டும். 150 கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து 42 கிராம் அளவில் இருக்கும். நடுத்தர வயதில், அதிகம் உடலுழைப்பில்லாத பலருக்கு ஒரு வேளைக்கு அதை ஒட்டிய அளவு தொடங்குவதற்கு ஏற்றது. உங்கள் எடை, வேலை, மாத்திரையைப் பொறுத்து உணவு ஆலோசகர் கூட்டிக் குறைப்பார். அந்த 150 கிராம் தட்டில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் தராசு தேவைப்படாது. சோற்றுக் குண்டானிலேயே ஒரு சிறு கிண்ணத்தைப் போட்டுவைத்து அதாலேயே அளந்து போடுவது இன்னும் சுலபம்.

காலியான இடத்தை நிரப்பாமல் விட்டால் நான்கு மணிக்குப் பசி முறுக்கு டப்பாவைத் திறக்க வைக்கும். ஆகவே நிரப்ப வேண்டும். சோறு குறைந்த இடத்துக்கு அவரைப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை, வெண்டைக்காய் என்று இரண்டு மடங்கு காய் வர வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலும் சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் இந்தக் கணக்கில் சேராது, அவை சோற்றின் உறவு. சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும். பல வீடுகளில் புளித்தண்ணீரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, சைவம் சாப்பிடுகிறவருக்குப் புரதம் கிடைக்கும் முக்கிய வழியே அதுதான் என்னும்போது அந்தச் சிக்கனம் பெரிய இழப்பு. ரசத்தை ஒரு டம்ளரில் அப்படியே குடிக்கலாம். மோரும் அப்படியே. கடைசிச் சுற்று மோருக்காகச் சோறு என்பது வழக்கம்தானே தவிர மோருக்குச் சோறு தேவையில்லை.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வரும். 2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆல்பனா சுக்லாவும் சகாக்களும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பதினொரு பேரிடம் ஒரே சாப்பாட்டை இரு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டியும் பழரசமும் பதினைந்து நிமிடம் கழித்து என்ற நாளில், ஒரு மணி நேரத்தில் இருந்த சர்க்கரை, தலைகீழ் வரிசையில் சாப்பிட்ட நாளைவிட 37 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் ஜப்பானிலும் இதே போக்கு கிடைத்தது, காரணமும் விளங்குகிறது. நாரும் புரதமும் கொழுப்பும் முன்னால் போய்விட்டால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, சோறு சிறுகுடலுக்குத் தவணை தவணையாக இறங்குகிறது, குடலிலிருந்து கிளம்பும் ஹார்மோன்கள் இன்சுலினையும் முன்கூட்டியே எழுப்பிவிடுகின்றன. இலையில் முதலில் காய்கறிகளைப் பரிமாறி, சோறு வருவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும் பந்தி நமக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு முடித்துவிடுவது கல்யாண வீட்டில்கூட முடிகிற காரியம்.

ஜென்கின்ஸ் குழு 1982-இல் கண்ட இன்னொன்றும் நம் வீட்டுக்குப் பொருந்தும். காலையில் பருப்பு வகை சாப்பிட்டவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் சர்க்கரை குறைவாக ஏறியது. ஒரு வேளையின் உணவு அடுத்த வேளைக்கும் கைகொடுக்கிறது. ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலும், அல்லது அரிசி சேர்க்காத பெசரட்டு, அல்லது பருப்பு நிறைந்த அடை என்று காலை டிபனை மாற்றினால் மதியமும் அதன் பலன் தெரியும்.

வெந்தயத்தைக் கேட்காமல் விடமாட்டீர்கள். அதில் காலக்டோமன்னன் என்ற கரையும் நார் உண்டு, ஊறியதும் கொழகொழப்பாகிச் செரிமானத்தை மெதுவாக்குகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வில் பலன் தெரிந்தது உண்மை. அங்கே கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம் வெந்தயப் பொடி. ராத்திரி ஊறவைத்த ஒரு ஸ்பூன் வெந்தயத்தை மென்றுவிட்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

பொது அறிவுரைகள் எவ்வளவு சரியாக இருந்தாலும், உங்கள் உடம்பு அவற்றுக்கு என்ன பதில் சொல்கிறது என்பது உங்களிடம்தான் இருக்கிறது. பலர் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண் இரவு முழுவதும் ஈரல் செய்த வேலையைச் சொல்கிறதே தவிர, மதியம் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றி வாய் திறப்பதில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் எந்த வேளை தவறு என்று சொல்லாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை என்று ஜோடியாகப் பாருங்கள். 130-இல் தொடங்கி 240-க்குப் போனால் அந்தத் தட்டில் ஏதோ அதிகம். இன்னொரு நாள் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சோற்றை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். வேறொரு நாள் அதே சோறு, ஆனால் காயை முதலில். இரண்டு மணி நேர எண் 180-க்குள் நிற்கும் சாப்பாட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் உங்களுக்கென்று ஒரு பத்தியப் பட்டியல் உருவாகிவிடும், அதில் உங்கள் வீட்டுச் சமையல் மட்டுமே இருக்கும். ஒருவருக்கு இரண்டு தோசை தாங்கும், அடுத்தவருக்கு ஒன்றே அதிகம் என்பது இப்படித்தான் தெரியவரும்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்துவிட்டும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் அழைக்காமலேயே குளுக்கோஸ் வாயில்களைத் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது பெரிய உதவி. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்த காலத்தைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்த காலத்தில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். மொட்டைமாடி போதும், தெருமுனை போதும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் மைக் லீனும் ராய் டெய்லரும் நடத்தி 2017-இல் வெளியிட்ட டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் கடும் கலோரிக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தபோது, ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதுதான் இதன் மையம். நம்மவர்களில் பலர் பார்வைக்கு ஒல்லி, வயிற்றுக்குள் கொழுப்பு. எனவே நம் ஊரில் தராசைவிட இடுப்பளவு நாடா அதிகம் சொல்லும். ஆனால் இத்தனை கடுமையான கட்டுப்பாட்டை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் யாரும் தொடங்கக் கூடாது.

அதற்கான காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. இன்சுலின் ஊசி போடுகிறவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால், பழைய அளவு மருந்து புதிய தட்டுக்கு அதிகமாகிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்து, சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ அந்த நேரத்தில் சீக்கிரம் உதவாது. சர்க்கரையை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து கட்டிப்போடுகிறது. அவர்கள் கையில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பருப்பையும் முட்டையையும் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு: தட்டின் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின்.

என்னை மிகவும் வருத்துவது, சுகர் வந்தவர் வீட்டு அம்மாவாக இருக்கும்போது நடப்பதுதான். அப்பாவுக்கு என்றால் தனிச் சமையல் நடக்கிறது. அம்மாவுக்கு என்றால், எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மூன்று மணிக்கு, பொரியல் தீர்ந்துபோன நிலையில், மிஞ்சிய சோற்றை வீணாக்க வேண்டாம் என்று ரசத்தோடு அவர் சாப்பிடுகிறார். மேலே சொன்ன அத்தனை விதியும் அந்தத் தட்டில் தலைகீழாகிறது: நேரம் தப்பி, காய் இல்லாமல், புரதம் இல்லாமல், சோறு மட்டும். மாத்திரையோ காலையிலேயே போட்டாகிவிட்டது. அவருக்கான பொரியலையும் சுண்டலையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பதும், ஒரு மணிக்கு அவரை உட்காரவைத்துப் பரிமாறுவதும் எந்த மருந்துக்கும் குறைந்த சிகிச்சை அல்ல.

தனிச் சமையலே தேவையில்லை என்பது என் கட்சி. பெற்றோருக்கு நீரிழிவு இருக்கிற பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல், அவர்களுக்கும் இதே தட்டுதான் நல்லது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு, எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டது. மெட்ஃபார்மின் மாத்திரை நீரிழிவாக மாறும் வாய்ப்பை 26.4 சதவீதம் குறைத்தது. உணவு மாற்றமும் நடையும் 28.5 சதவீதம் குறைத்தன.